பிளாஸ்டிக் ஸ்டாக்கில் ஸ்பிரே பெயின்ட்: சில சீசன்களுக்குப் பிறகு

டெக்சஸில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் ஸ்பிரே பெயின்ட் அடித்த என் ரைஃபிளைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "பெயின்ட் உரியலையா?" உரிந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. எங்கே உரிந்தது என்று தெரிந்தால் நீங்களும் அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

துப்பாக்கி சாதாரண .308 போல்ட் ஆக்‌ஷன். அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றும் வகை. கையில் பிடித்துத் தோளில் பதிக்கும் பகுதியான ஸ்டாக், கம்பெனி போட்டுக் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக். குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குண்டை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனையும் பேரல் என்ற குழாயையும் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டாக்குக்கு மட்டும் அடித்தேன். க்ரைலான், ரஸ்ட்-ஓலியம் இரண்டிலுமே பளபளப்பில்லாத காமோ நிறங்கள் (காட்டோடு கலந்து மறைக்கும் நிறங்கள்) கிடைக்கின்றன. அவற்றில் பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினால் போதும், பிராண்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உழைப்பெல்லாம் அடிப்பதற்கு முன்னால்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் மேல், அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய வழவழப்பு கொஞ்சம் தங்கியிருக்கும். அதன் மேல் கைப்பட்ட எண்ணெய் வேறு. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, சொரசொரப்பான நாரால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, காய்ந்த பிறகு ஆல்கஹாலால் துடைத்தேன். ஆக்‌ஷன் உட்காரும் குழி, பேரல் ஓடும் பள்ளம், தோளில் பதியும் ரப்பர் மூன்றுக்கும் மாஸ்கிங் டேப். குழிக்குள் பெயின்ட் தடித்தால் ஆக்‌ஷன் சரியாக உட்காராது, குறி மாறிவிடும். அதனால் அந்த டேப்பில் கஞ்சத்தனம் கூடாது.

வெயிலையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை என்று கேனிலேயே போட்டிருக்கும். ஆகஸ்ட் மாதக் கராஜில் அது நடக்காத காரியம், துளி ஸ்டாக்கைத் தொடும் முன்பே பாதி காய்ந்து மணல் மணலாக உட்காரும். அக்டோபர் காலை நேரம் தோதாக இருந்தது. முதலில் காக்கி, அதன் மேல் துணி துவைக்கும் வலைப்பையைப் போர்த்திப் பச்சை, அப்புறம் காய்ந்த புல்லை வைத்துப் பழுப்பு. அரை மணியில் தொட்டால் ஒட்டாது. ஆனால் முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும், அதுவரை தொடாமல் விட்டேன்.

சரி, இத்தனை நாளில் என்ன ஆயிற்று? பேலன்ஸ் பார்த்துத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில், குண்டுகளை அடுக்கும் மேகசினுக்கு முன்னால், பெயின்ட் தேய்ந்து கறுப்பு தெரிகிறது. மறைவுக் கூண்டின் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைக்கும் முன்முனையும் அப்படித்தான். வார் கொக்கி உரசும் இடத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். கன்னம் படும் இடம் வழவழப்பானதே தவிர உரியவில்லை. தோல் பெயர்வது போலத் தகடாக எங்கும் வரவில்லை, அது அந்த நாரின் புண்ணியம்.

பெயின்டுக்கு உண்மையான எமன் கொசு விரட்டி. டீட் என்ற மருந்து கலந்ததைக் கையில் பூசிக்கொண்ட நண்பர் ஒருவர் ரைஃபிளைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருந்தார். திரும்பக் கொடுத்தபோது பிடியில் அவர் கட்டைவிரல் ரேகை, கைநாட்டு வைத்த மாதிரி வரி வரியாகப் பதிந்திருந்தது. டீட் பெயின்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். பிக்காரிடின் என்ற வேறொரு கொசு விரட்டி மருந்து அப்படிச் செய்யாது, நான் அதற்கு மாறிவிட்டேன். பேரல் கழுவும் சால்வென்ட் சொட்டினாலும் இதே கதிதான், கழுவும்போது ஸ்டாக் மேல் ஒரு துணி போட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கிக்கென்றே விற்கும் எபாக்ஸி ஸ்பிரே இதைவிட உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். இந்தச் சாதாரண பெயின்டில், தேய்ந்த இடத்தை லேசாகத் தேய்த்து, துடைத்து, ஒரு வலையைப் பிடித்து இரண்டு வீச்சு அடித்தால் ஒட்டு தெரிவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பரில் சீசன் தொடங்கும் முன்பு, ஒரு மாலை நேர வேலை. எனக்கு உறுதியைவிட இந்தச் சவுகரியம் பெரிது.

காமோ வடிவத்துக்காக ரொம்ப மெனக்கெடாதீர்கள். மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். மினுமினுப்பும் அசைவும்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். பளபளப்பில்லாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் நம் கண்ணுக்கு அழகு.

பின்னால் விற்கும் யோசனை இருந்தால் மட்டும் உங்கள் ஸ்டாக்கில் கை வைக்காதீர்கள், வீட்டில் பெயின்ட் அடித்ததற்கு விலை இறங்கும். ரெமிங்டன் 700 மாதிரிப் பரவலான மாடல் என்றால், யாரோ கழற்றிப் போட்ட பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி அதில் அடித்துக்கொள்ளலாம்.