சென்டர் ஃபீல்டு கேமராவுக்கு வாடகைக்கு எடுத்த ஹெட்: 5க்கு 3 தான்

பேஸ்பால் மேட்ச்ல கேமரா ஓட்டுறவன் நான். பெரும்பாலும் சென்டர் ஃபீல்டு சைடு, அதாவது பேட்டர்ல இருந்து 400 அடிக்கு மேல தள்ளி நின்னுக்கிட்டு பிச்சரோட (பால் போடுறவர்) முதுகு, பேட்டர், பின்னாடி பால் பிடிக்குற கேட்சர், அம்பயர் எல்லாத்தையும் ஒரே ஃப்ரேம்ல அடக்கணும், அவ்ளோ ஜூம்ல விரல் நடுங்குனா ஸ்க்ரீன்ல பூகம்பம். அதுக்குத்தான் இந்த ஃப்ளூயிட் ஹெட், அதாவது ஸ்டாண்ட் மேல கேமராவைத் தாங்கி நடுங்காம திருப்ப விடுற பாகம், கடை பேர் வேணாம்.

டில்ட், அதாவது மேல கீழ சாய்க்குறது, வெண்ணெய் மாதிரி. பால் உசரத்துல பறந்தப்ப கூட ஜெர்க் இல்ல (புதுசா வர்றவங்க பாலைத் துரத்தாதீங்க, ஃபீல்டர் எங்க ஓடுறான்னு பாருங்க). ஆனா பேன் டிராக் (இடம் வலமா திருப்புறப்ப ஹெட் தர்ற பிடிமானம்) இருக்கே, ராத்திரி குளிர் ஏற ஏற இறுகிப்போச்சு. 6வது இன்னிங்ஸ்ல ஒருத்தன் ஹோம் ரன் அடிச்சுட்டு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் ஓடுறான், நான் லெஃப்ட்ல திருப்பணும், டேலி லைட் செவப்பா எரியுது (என் கேமரா படம்தான் ஒளிபரப்புல போகுதுன்னு அர்த்தம்), ஹெட்செட்ல டைரக்டர் கத்துறாரு, ஹெட் அசையவே மாட்டேங்குது.

நடுவுல சரி பண்ணலாம்னா எங்க நேரம்? 2023ல பிட்ச் கிளாக் (பால் போடுறதுக்கான நேரக் கெடு) வந்ததுல இருந்து மேஜர் லீக்ல பேஸ்ல ஆள் இல்லன்னா 15 செகண்ட்ல அடுத்த பால் வந்துடும்.

கடைல சொன்னேன், பேசாம பாதி வாடகையைக் கழிச்சுட்டாங்க. பகல் மேட்ச்னா எடுங்க, குளிருற ஏப்ரல் ராத்திரின்னா வேண்டவே வேண்டாம்.