ரோபோனாட் 2: கைக்கு முழு மார்க், காலுக்குப் பாஸ் மார்க் கூட இல்லை

இது காசு கொடுத்து வாங்கிப் பார்த்து எழுதுகிற விமர்சனம் இல்லை, அப்படி வாங்கவும் முடியாது. நாசாவும் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்த மனித உருவ ரோபோ ரோபோனாட் 2, 2011 பிப்ரவரியில் டிஸ்கவரி விண்கலத்தில் ஏறி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், 2018 வரை அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்பியது. ஏழு வருஷம் ஒரு பொருள் புழக்கத்தில் இருந்தால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்தானே.

முதலில் கை. அங்கே இருக்கிற சுவிட்ச், கைப்பிடி, கருவி எல்லாம் மனிதக் கைக்கு அளவெடுத்துச் செய்தவை, அதனால் ரோபோவுக்கும் அதே மாதிரி கை வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு கையில் 12 விதமான அசைவு, அதில் கட்டைவிரலுக்கு மட்டும் நான்கு. நியாயமான வேலைப்பாடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2012-ல் அதற்குக் கொடுத்த ஒரு சின்ன வேலை. எடை இல்லாத இடத்தில் சூடான காற்று தானாக மேலே போகாது, நாம் விட்ட மூச்சு நம் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும், அதனால் விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், துவாரங்களில் காற்று சரியாக வருகிறதா என்று அவ்வப்போது மீட்டரைப் பிடித்து அளக்கவும் வேண்டும். மனிதர் பிடித்தால் மிதந்துகொண்டே கை ஆடும், போதாததற்கு அவர் விடும் மூச்சே அளவைக் கெடுத்துவிடும். ரோபோனாட்டோ ஆடாமல் பிடிக்கும், மூச்சும் விடாது. அலுப்பூட்டுகிற வேலை, ஆனால் இதற்குத்தானே ரோபோ!

அப்புறம்தான் வினை. 2014-ல் கால் அனுப்பினார்கள். நடக்க இல்லை, நிலையத்தின் உள்ளே இருக்கிற கம்பிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாற. பாதத்துக்குப் பதில் கவ்வும் கிடுக்கி, இரண்டு காலையும் விரித்தால் சுமார் 2.7 மீட்டர். அதை மாட்டியதிலிருந்து மின்சாரக் கோளாறு ஒட்டிக்கொண்டது, சரிசெய்யப் பார்த்ததில் விண்வெளி வீரர்களின் நேரம்தான் போனது. வேலையைக் குறைக்க வந்தவனுக்கே ஆள் போட்டு வைத்தியம் பார்ப்பது என்ன கதை? கடைசியில் பெட்டியில் கட்டி பூமிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, ரஷ்யர்களின் மனித உருவ ரோபோ ஃபியோதரையும் பார்த்துவிடலாம். 160 கிலோ, ஆள் உயரம், 2019 ஆகஸ்டில் சோயுஸ் விண்கலத்தின் கமாண்டர் இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்து போனது, செப்டம்பர் 7-ல் திரும்பியாயிற்று. அப்புறம் அவர்களே சொன்னது, நீளமான கால் விண்வெளி வேலைக்கு இடைஞ்சல் என்று. இதைக் கண்டுபிடிக்க ராக்கெட் ஏற்ற வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

2020-ல் இஸ்ரோ தன் ரோபோ வியோமித்ராவைக் காட்டியபோது இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லையே, பாதியில் நிறுத்திவிட்டார்களோ என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.