நாலு ரேஞ்ச், ஒரு ஃபார்முலா: மூன்று வருட அனுபவம்

மாமாவுக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட். பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை சம்பளம். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் என்று தையல் மெஷினைப் பொறுத்து வேலைக்கு வேலை ரேட் மாறும். கணக்கெல்லாம் கூகுள் ஷீட்ஸில்தான். மூன்று வருடங்களுக்கு முன், ஷீட்ஸுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் கூலி போட ஒரு ஃபங்ஷன் (செல்லில் ஃபார்முலா போலக் கூப்பிடும் நிரல்) எழுதிக் கொடுத்தேன்.

முதலில் வேலையின் பெயரையும் பீஸ் எண்ணிக்கையையும் மட்டும்தான் அதற்குக் கொடுத்தேன். ரேட்டை ஸ்கிரிப்டே இன்னொரு ஷீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரேட்டைக் கூட்டிய வாரம் கூலி மட்டும் பழையபடியே நின்றது. கொடுத்த உள்ளீடு மாறினால்தான் ஷீட்ஸ் மறுபடி கணக்குப் போடும். உள்ளே போய் நாம் எதைப் படிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. சரி என்று ரேட் அட்டவணையையும் ஒரு ரேஞ்சாகவே, அதாவது செல்களின் தொகுப்பாகவே, கொடுத்தேன். அப்புறம் ஓவர்டைம் தொகைக்கு ஒன்று. ஆக மொத்தம் நாலு.

வரிக்கு ஒரு முறை கூப்பிட்டால் மெதுவாகத்தான் வரும். முழு ரேஞ்சையும் கொடுத்து, முழு நெடுவரிசையாகப் பதிலை வாங்கினால் ஒரே அழைப்பில் முடிந்துவிடும். அந்த ஒரு அழைப்பு 30 விநாடிக்குள் முடிய வேண்டும். எனக்கு அது ஒருநாளும் பிரச்சினையானதில்லை.

என்னைப் படுத்தியது காலி செல். ஓவர்டைம் பார்க்காதவருக்கு அந்த இடம் காலி. அது ஸ்கிரிப்டுக்குள் பூஜ்யமாக வராது, வெற்று எழுத்துச்சரமாக, அதாவது எழுத்தே இல்லாத உரையாக வரும். பெருக்கினால் பூஜ்யமாகிவிடும், ஆபத்தில்லை. கூட்டினால் எண்களும் உரையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் ஆளுக்கு 4200, அடுத்தவருக்கு 3850 என்றால் மொத்தம் 8050 வர வேண்டும், வந்தது 042003850. மாமா போன் போட்டு, “என்ன மாப்ள, நாலு கோடி காட்டுது?” என்றார். எல்லாவற்றையும் முதலில் எண்ணாக மாற்றிவிட்டுத்தான் இப்போது கூட்டுகிறேன்.

தீபாவளி வாரத்தில் வேறொன்று. வேலைக்கு வந்தது ஒரே ஆள். பல வரி ரேஞ்ச் என்றால் வரிசைகளின் பட்டியலாக வரும். ஒரே செல் என்றால் வெறும் மதிப்பாக வந்து நிற்கும். வரி வரியாகப் போகும் என் லூப் அங்கேயே விழுந்தது. பட்டியலா என்று பார்த்து, இல்லையென்றால் பட்டியலாக்கிவிடும் இரண்டு வரியை இப்போது எந்த ஃபங்ஷன் எழுதினாலும் தலையிலேயே போட்டுவிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால், மொத்தம் மட்டும் போதுமென்றால் ஷீட்ஸிலேயே இருக்கும் சம்ப்ராடக்ட் (பெருக்கிக் கூட்டுவது) ஃபார்முலாவுக்குள் சம்இஃப் (நிபந்தனைப்படி கூட்டுவது) வைத்தே பாதி வேலை முடியும். ஃபார்முலாவுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளும், 2022-இல் வந்த நேம்டு ஃபங்ஷன்கள் சின்னக் கணக்குகளுக்கு இன்னும் சுலபம், வேகமும் அதிகம். ஸ்கிரிப்டை நான் விடாததற்குக் காரணம் பிழைச் செய்தி. ரேஞ்சுகளின் நீளம் பொருந்தாவிட்டால் “வேலை 41 வரி, பீஸ் 42 வரி” என்று தமிழிலேயே சொல்லும்படி வைத்திருக்கிறேன். செல்லின் மேல் மவுஸை வைத்துப் படித்துவிட்டு, விட்டுப்போன வரியை மாமாவே தேடிப் பிடித்துவிடுகிறார். சனிக்கிழமைகளில் எனக்கு இப்போது போன் வருவதில்லை.