ரோமானியக் கண்ணாடிக் குப்பி வாங்குபவர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் இருந்துகொண்டு இணையத்தில் ரோமானியக் கண்ணாடி வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். "கி.பி. 1-2ஆம் நூற்றாண்டு, சிரியப் பகுதி, பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்று போட்டு, ஒரு வாசனைத் தைலக் குப்பியை 320 பவுண்டுக்கு என் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். நீண்ட கழுத்து, மேலெல்லாம் ஊதாவும் பச்சையுமாக மின்னும் வானவில் நிறம்.

கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. வெளியே எல்லா இடத்திலும் ஒரே சீரான மினுமினுப்பு, கழுத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அடிப்பக்க ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்தேன், நிறம் அப்படியே பஞ்சில் வந்துவிட்டது, கீழே புதுக் கண்ணாடி. பழங்கண்ணாடியில் அந்த நிறம் பூச்சே கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் ஈர மண்ணில் கிடக்கும்போது கண்ணாடியிலுள்ள சோடா கரைந்து வெளியேற, மேற்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிகிறது, அந்த அடுக்குகளில் ஒளி பட்டுத்தான் நிறம் தெரிகிறது. அது செதிலாக உதிரும், உதிர்ந்த இடம் மங்கிக் குழிகுழியாக இருக்கும். (நல்ல குப்பியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், தொட்டாலே உதிரக்கூடிய அடுக்கு அது. ஆசிட்டால் அரித்துச் செய்த போலியை அசிட்டோன் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.)

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், நான் துடைத்துக் கெடுத்துவிட்டேனாம். கூட வந்த "இது அசல்தான்" என்ற சான்றிதழ் அவரே அச்சடித்தது, யாருடைய பரிசோதனையும் அதில் இல்லை. வணிகர் இணையத்தில் விற்ற பொருளை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இடம் தருகிறது, அதனால் தன்னை வணிகரே இல்லை, தனிநபர் என்கிறார், பக்கம் முழுக்கக் குப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு!

எனக்கு அதைவிடக் கோபம் அந்தப் "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" மேல்தான். யாருடையது, எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டேன், பதிலே வரவில்லை. 2011 மார்ச்சுக்குப் பிறகு சிரியாவிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருட்களின் வியாபாரத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2015இல் தடை செய்திருக்கிறது. இப்படிப் பெயரும் ஆண்டும் இல்லாத குப்பி அசலாகவே இருந்தாலும், யாரோ கல்லறையைத் தோண்டித் திருடியதாக இருக்கலாம்.

கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஆள் அதே வர்ணனையோடு இன்னொரு குப்பியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கழுத்தின் உட்புறம், அடிப்பாகம் இரண்டுக்கும் கிட்டத்தில் எடுத்த படமும், 1970க்கு (தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த ஆண்டு) முந்தைய ரசீதோ ஏலப் பட்டியலோ கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.