வீட்டில் வந்து குடியேறிய தேனீயை எடுக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். போன அக்டோபரில் ஒரே ஒரு தேன்பெட்டி வாங்கி வைத்தேன். பெட்டியைத் திறக்கவே கை நடுங்குகிற அளவுக்குப் புதுசு நான். அந்த நிலையில் டிசம்பரில் ஒருநாள் வீட்டின் வெளிச்சுவரில் இருந்த பழைய மீட்டர் பெட்டிக்குள் ஈக்கள் போய் வருவதைப் பார்த்தேன். மீட்டரை இடம் மாற்றிய பிறகு அந்த மரப்பெட்டி சும்மாதான் கிடந்தது. என் பெட்டியிலிருந்துதான் பிரிந்து போயிருக்குமோ என்று திறந்து பார்த்தேன். அங்கே ஈ குறையவில்லை. இது எங்கிருந்தோ வந்த கூட்டம்.

எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. மழை முடிந்து பூக்கத் தொடங்கும்போது கூட்டம் பெருகும், குடி பிரியும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக்கு இருட்டான பொந்து கிடைத்தால் போதும். எனக்கோ ஆசை. ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். அதற்குள் இன்னொரு பெட்டியும் தயாராகிவிட்டால் நல்லதுதானே. எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாமா அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும். ஈ அங்கேயேதான் இருந்திருக்கும், யாரையும் கொட்டவும் இல்லை.

போனில் வீடியோ பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். ‘தேனீயைக் கொல்லாமல் பெட்டிக்கு மாற்றித் தருகிறோம்’ என்று போட்டிருந்தார். மாற்றித்தர 2,500 ரூபாய், புதுப் பெட்டிக்கு 2,000. முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். கொடுத்தேன்.

காலை பதினொரு மணிக்கு வந்தார். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. அந்த நேரத்தில் நிறைய ஈக்கள் வெளியே இரை தேடப் போயிருக்கும். திரும்பி வரும்போது கூடு இருக்காது. அந்த ஈக்கள் இரண்டு நாள் சுவரையே சுற்றின. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காதுக்குக் கீழே கொட்டு விழுந்தது. நல்லவேளை, மூச்சுத் திணறல் எதுவும் வரவில்லை. கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா சாயங்காலம் ஈ அடங்கும் நேரத்தில்தான் கூட்டில் கை வைப்பார்.

வந்தவர் புகைப்பான் கொண்டுவரவில்லை. தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டார். உள்ளே ஆறு அடை, அதாவது ஈ கட்டிய மெழுகுத் தட்டு, இருந்தது. இரண்டை மட்டும் பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். மீதி நாலையும் மூடி போட்ட வாளியில் போட்டு, “இது தேன் அடைக்கா, இதுல ஒண்ணுமில்ல” என்றார். கிளம்பும்போது அவர் வண்டியில் ஒரு துணிப்பை இரைந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, “ரெண்டு மூணு ஈ ஒட்டிட்டு வருதுக்கா, வழியில விட்டுருவேன்” என்றார். ராணியைக் காட்டுங்கள் என்றேன். “ராணி உள்ள போயாச்சு. இருபது நாள் பெட்டியைத் திறக்காதீங்க, திறந்தா ஓடிரும்.”

இந்த இருபது நாள்தான் மொத்த ஏமாற்று வேலையும். கட்டிக்கொடுத்த இரண்டு அடையிலும் வளர்ந்து அறை மூடப்பட்ட புழு மட்டுமே இருந்தது. அது பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியே வரும். அதனால் பெட்டி நிறைந்துதான் தெரியும், வாசலில் போக்குவரத்தும் இருக்கும். நானும் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். முட்டையும் இளம்புழுவும் இருந்த அடை ஒன்றாவது உள்ளே இருந்திருந்தால், ராணி இல்லாவிட்டாலும் அந்த ஈக்கள் புது ராணியை வளர்த்துக்கொண்டிருக்கும். அந்த அடைகள் வாளியில் போய்விட்டன.

இருபத்திரண்டாம் நாள் மாமா வந்து திறந்தார். ஒரு சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தார், அவர் முகம் மாறியது. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு. ராணி இல்லாத பெட்டியில் வேலைக்கார ஈக்களே முட்டை போட ஆரம்பிக்கும். அவை கருவுறாத முட்டைகள், அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். நடுவில் துளையோடு துருத்திக்கொண்டு நிற்கும் ஆண் ஈ அறைகளின் மூடிகளையும் காட்டினார். அடையின் கீழ்ப்பகுதியில் மெழுகுப் பூச்சி நூல் பின்னியிருந்தது.

கூட்டைப் பிரித்த அன்றைக்கு நான் எடுத்த போட்டோவை மாமாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். வாளிக்குப் போகிற அடையில் வெள்ளை வெள்ளையாகப் புழு. தேன் அடை என்று அந்த ஆள் சொன்னாரே, அது. ராணியையும் ஈயையும் துணிப்பையில் கொண்டுபோய், அந்தப் புழு அடைகளோடு வேறொரு பெட்டியில் வைத்திருப்பார் என்பது மாமாவின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் நிரூபிக்க என்னிடம் அந்தப் போட்டோ தவிர வேறொன்றும் இல்லை.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். “நீங்க திறந்து பார்த்திருப்பீங்க, அதான் ராணி ஓடிருச்சு” என்றார். ராணி ஓடினால் கூட்டமும் சேர்ந்துதானே ஓடும்? அதைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பாதியை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தபின் கொடுங்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே ஏழாம் எட்டாம் நாளில் அறைக்கு ஒன்றாக, அடியில் நிற்கும் முட்டையைக் கண்டால் ராணி இருக்கிறது, வேலை செய்கிறது. அன்று முட்டை காணாவிட்டால் உடனே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை வைத்தால்கூடக் கூட்டம் பிழைக்க வழியுண்டு. என்னிடம் அந்தச் சட்டம் இருந்தது, முதல் பெட்டியில். திறக்காதே என்ற பேச்சை நம்பி நாளை விட்டுவிட்டேன். புழு அடை முழுவதையும் உங்கள் கண் முன்னாலேயே சட்டத்தில் கட்டச் சொல்லுங்கள். வாளிக்குள் என்ன போகிறது என்று எட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆள் முதலில், “மருந்து அடிச்சுரட்டுமா, ஆயிரம் ரூபாயில முடியும்” என்றும் கேட்டார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். செத்த புழு சுவருக்குள் நாறும். மருந்து பட்ட தேனை அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் வந்து தின்னும், நம் பெட்டியும் அதில் போகும்.

ராணி இல்லாத அந்தப் பெட்டி இனித் தேறாது என்று மாமா அதைத் தோட்டத்து ஓரமாகக் கொண்டுபோய் உதறினார். கொஞ்ச ஈக்கள் என் முதல் பெட்டி வாசலில் வந்து தலை தாழ்த்தி நின்றன. சிலவற்றைக் காவல் ஈக்கள் உள்ளே விட்டன. மீதி இரண்டு நாள் அந்த மீட்டர் பெட்டியிலேயே கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலையில் கீழே கிடந்ததைக் கூட்டி அள்ளினேன்.