கார்டின் மேல் 256 ஜிபி, உள்ளே 8: கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கேமராவுக்கு ஆன்லைனில் மெமரி கார்டு வாங்கியிருக்கிறீர்களா? அதில் ஒரு படம் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்கப்பட்டது போலி. தரம் குறைந்த சரக்கு என்ற பொருளில் சொல்லவில்லை. இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட சரக்கு அது.

பெயர் பெற்ற நிறுவனத்தின் உறை, பளபளக்கும் முத்திரை, கார்டின் மேல் 256 ஜிபி என்ற அச்சு. கேமராவில் போட்டதும், இன்னும் பல ஆயிரம் படங்கள் எடுக்கலாம் என்று திரை காட்டியது. அப்பாவின் பணி ஓய்வு விழா முழுவதையும் அதில்தான் எடுத்தேன்.

கணினிக்கு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. கார்டு ரீடரில் செருகி, கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டரைத் திறந்தால், எல்லாக் கோப்புகளும் வரிசையாக இருக்கின்றன. பெயர், அளவு, தேதி எதிலும் குறையில்லை. நகலெடுப்பதும் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. தொடக்கத்தில் எடுத்த படங்கள் நன்றாகவே இருந்தன. பிறகு ஒரு படம்: அப்பாவின் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் தெரிகின்றன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்கடுத்தவை ஒன்றுகூடத் திறக்கவில்லை. அப்பா பேசியது, அம்மாவை மேடைக்கு அழைத்தது, எல்லாம் அந்தச் சாம்பலுக்கு அப்பால்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டிலும் நினைவகச் சில்லுடன் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கிறது. "உன் கொள்ளளவு என்ன?" என்று கேமராவோ கணினியோ கேட்டால் பதில் சொல்வது இதுதான். அதன் நிரலை மாற்றி 256 என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கேட்பவர் அதை அப்படியே நம்புகிறார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கார்டின் முன்பகுதியில், அதாவது உண்மையான இடத்தில் எழுதப்படுவதால் பெயரும் அளவும் பத்திரமாக இருக்கின்றன. உண்மையில் இருக்கும் 8 ஜிபி நிரம்பிய பிறகு வரும் படங்களுக்குத்தான் போக்கிடமில்லை. சில கார்டுகள் அவற்றை அப்படியே விழுங்கிவிடும். வேறு சில மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கி, நன்றாக இருந்த பழைய படங்களையும் அழித்துவிடும். படம் எடுத்தவுடன் கேமராவின் திரையில் தெரிவது கேமராவின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் படம் என்பதால், எடுக்கும் நேரத்தில் சந்தேகமே வராது.

விற்பனையாளரிடம் கேட்டேன். "சார், உங்கள் கணினியில் டிரைவர் இல்லை. கார்டை ஒருமுறை ஃபார்மேட் செய்து பாருங்கள், சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. வேறொரு கணினியிலும் பார்த்தாகிவிட்டது, கேமராவையே யூஎஸ்பி கேபிளில் இணைத்தும் பார்த்தாகிவிட்டது என்றேன். மறுபடியும் அதே ஃபார்மேட் பாட்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபார்மேட் செய்தால் கார்டு மீண்டும் 256 என்றே காட்டும். உங்கள் கையிலிருக்கும் ஆதாரமும் தப்பியிருக்கும் படங்களும்தான் போகும்.

இந்தப் பதற்றத்தில் தேடினால், அழிந்த படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றை இறக்கிப் பார்த்தேன். இலவசமாகவே கார்டை அலசி, "மீட்கத்தக்கவை" என்று நீளமான பட்டியல் காட்டியது. சேமிக்கப் போனால் பணம் கேட்டது. பட்டியலில் இருந்தவை அட்டவணையில் ஏற்கெனவே இருந்த அதே பெயர்கள். தவறுதலாக அழித்த படங்களை மீட்க இத்தகைய மென்பொருள்கள் உதவும், மறுக்கவில்லை. எழுதப்படாத படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதற்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

கார்டு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விளிம்புவரை நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். கணினியில் கார்டின் விவரம் காட்டும் பிராப்பர்ட்டீஸில் தெரியும் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அந்த எண்ணே பொய். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துப் புகார் அனுப்பியபோதுதான் எனக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதுவரை எல்லாம் "பரிசீலனையில்" இருந்தது.

அந்தக் கார்டு இப்போது வேறொரு விற்பனையாளர் பெயரில், அதே படத்துடன் விற்பனையில் இருக்கிறது. ஐந்து நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை. கருத்துகளைப் பொறுமையாகப் படித்தேன். "சீக்கிரம் வந்து சேர்ந்தது", "பேக்கிங் அருமை", "256 ஜிபி சரியாகக் காட்டுகிறது" என்று பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த சூட்டிலேயே எழுதியவை. அவர்களில் யாரும் 8 ஜிபியைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.