வெளி எஸ்.எஸ்.டி.யில் மொஹாவி: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

2019-இல் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு வெளிவந்ததோடு, பழைய வகையான 32 பிட் மென்பொருள்கள் மேக் கணினிகளில் இயங்குவது நின்றுபோயிற்று. நான் பல ஆண்டுகளாக ஸ்கேன் செய்து வகைப்படுத்திய ஆவணங்கள் அத்தகைய ஒரு மென்பொருளின் கோப்பு வடிவத்தில்தான் இருக்கின்றன. அந்த மென்பொருளை இயக்கக்கூடிய கடைசி மேக் இயங்குதளப் பதிப்பு 2018-இன் மொஹாவி. ஆகவே, 2018 மேக் மினியின் உள்வட்டில் உள்ள பிந்தைய பதிப்பான சனோமாவைத் தொடாமல், யூ.எஸ்.பி.யில் இணைத்த எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான வட்டில்) மொஹாவியை நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். மொஹாவியை ஏற்கும் இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் மொஹாவி துவங்காது.

முதலில் கைவசமிருந்த, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில் நிறுவினேன். திரையில் செயலிகள் வரிசையாக நிற்கும் டாக்கில் ஒரு ஐகானை அழுத்தினால், அது வெகுநேரம் துள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குள் அடுத்த வேலையையே மறந்துவிடுவோம். மொஹாவி தன் துவக்க வட்டுக்குப் பயன்படுத்தும் ஏ.பி.எஃப்.எஸ். கோப்பு முறைமை, மாற்றங்களைப் பழைய இடத்தின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதால், தரவு வட்டெங்கும் சிதறி, படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய வேண்டியிருக்கிறது. யூ.எஸ்.பி. 3.0 பெட்டியில் வைத்த சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறியபின், உள்வட்டில் வேலை செய்கிறோமா வெளிவட்டிலா என்ற வேறுபாடே பெரும்பாலும் தெரியவில்லை. செலவு செய்வதானால் இதற்குத்தான் செய்ய வேண்டும்.

நிறுவுவதில் பொறுமை வேண்டும். மொஹாவி நிறுவியைச் சனோமாவுக்குள்ளிருந்து நேரடியாகத் திறக்க முடியாது என்பதால், டெர்மினல் செயலியில் தட்டச்சிடும் கட்டளை மூலம் 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைத் துவக்க ஊடகமாக்கிக்கொள்ள வேண்டும். என்னுடையதைப் போல, ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் உள்ள கணினிகள் வெளிவட்டிலிருந்து துவங்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கின்றன. கமாண்ட், ஆர் விசைகளை அழுத்தியபடி மீட்புப் பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை முதலில் வழங்க வேண்டும். நான் ஒரு மாலைப்பொழுதை இழந்தது வேறோரிடத்தில்: வட்டுகளை அழித்து வடிவமைக்கும் டிஸ்க் யுட்டிலிட்டி செயலியில் 'எல்லாச் சாதனங்களையும் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுக்காததால், அந்த வெளிவட்டுக்குள் இருந்த ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தேன். முழு வட்டையும் ஜி.யு.ஐ.டி. பகிர்வு முறையில் அழித்த பிறகே நிறுவி அதை ஏற்றுக்கொண்டது.

துவக்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால், சாம்பல் நிற உள்வட்டுக்கு அருகில் ஆரஞ்சு நிற வெளிவட்டு தோன்றும். புளூடூத் விசைப்பலகை அந்த நேரத்தில் சில சமயம் கைகொடுப்பதில்லை. கம்பி இணைப்புள்ள விசைப்பலகை நம்பகமானது. இப்படித் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், மறுமுறை கணினி தானாகச் சனோமாவுக்கே திரும்பிவிடுகிறது. எனக்கு இதுவே மிகவும் பிடித்த அம்சம். என் மென்பொருளை முதன்முறை திறந்தபோது, அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற எச்சரிக்கை வந்தது. அதைக் கடந்ததும் அத்தனை ஆவணங்களும் குறிச்சொற்கள் உட்பட அப்படியே கண்முன் வந்து நின்றன. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

குறைகளும் உண்டு. மொஹாவிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021-உடன் நின்றுவிட்டதால், அதில் நான் இணையத்தை இணைப்பதே இல்லை. சனோமா இருக்கும் உள்வட்டை மொஹாவி முழுமையாகப் புரிந்துகொள்வதில்லை. பொருந்தாத வட்டு என்ற அறிவிப்பு வரும்போது அதை மூடிவிட்டு, உள்வட்டில் எதையும் எழுதாமல் விட்டுவிடுவது நல்லது. கோப்புகளைப் பரிமாற, இரு பதிப்புகளும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவில் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கேபிள் தளர்வாக இருந்தால் இயங்குதளமே நடுவழியில் உறைந்துவிடும். ஒருமுறை அப்படி நடந்தபின், பெட்டியோடு வந்த கேபிளை நீக்கிவிட்டு, இறுக்கமாகப் பொருந்தும் குட்டையான கேபிளுக்கு மாறினேன். அதன்பின் இதுவரை அந்தத் தொல்லை இல்லை.